பதினாலாவது லோடு

கதிர், போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீ சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டதால்தான் வைத்தேன். மறைமலை நகரில் நாலு கம்பெனிகள் சேர்ந்து கார்பன் நார்த் தகடு செய்யப் பொதுவாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப் போகிறீர்கள், அதற்கான விதிகளை எழுதும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய்: "நல்லா வந்த ரிசல்ட்டை மட்டும்தாம்மா மத்தவங்களுக்குக் கொடுக்கணும். சொதப்பினதை எல்லாம் அவங்கவங்க தங்களோடயே வெச்சுக்கலாம்னு எழுதியிருக்கேன். இல்லன்னா யாரும் சேர மாட்டாங்க." நீ தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட அதையே நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை, செய்தேன். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். அடுத்த வாரம் நீங்கள் கையெழுத்துப் போடும் முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இன்னொன்றுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டாய், ஏகாம்பரம் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று. அவருக்கு வேலை அதிகம் என்றேன். காலேஜில் சேர்ந்த அன்று, அவருக்கு ஸ்வீட் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று மறுபடி கேட்டாய். அவர் ஊரில் இல்லை என்றேன். இரண்டும் பொய். அவர் ஊரில்தான் இருந்தார், செங்கல்பட்டில், நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்.

என் பட்டறையை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உனக்கு அவ்வளவாகத் தெரியாது. பீங்கான் தொழிலில் டிப்ளமோ முடித்து, சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வரைபடம் போடும் வேலை, தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ். நான் செங்கல்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே ஒரு மின் உலையை வைத்துக்கொண்டு, நூல் மில்லுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பீங்கான் சாமான் செய்துகொண்டிருந்தேன். அப்படி இருக்கும்போதுதான் சேது சார் வந்தார். கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. கடல் தண்ணீரை இறைக்கும் பெரிய பம்புகளுக்குள் ஒரு வளையம் உண்டு, சீல் ரிங் என்பார்கள். வெள்ளை வெளேரென்று, டீ டம்ளரின் வாய் அளவுக்கு இருக்கும். உப்புத் தண்ணீரும் மணலும் அரித்தாலும் தேயாத கெட்டிப் பீங்கான். அன்றைக்கு அது வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒன்று உடைந்தால் பம்பு மாதக் கணக்கில் சும்மா நிற்கும். இதை நம் மாவட்டத்திலேயே செய்ய முடியும், ஆனால் எந்த ஒருவராலும் தனியாகச் செய்ய முடியாது என்றார் சேது சார்.

அவர் சொன்னது சரிதான். செய்யூர் பக்கம் மீரான் பாய் வைத்திருந்த ஆலையில் அலுமினாப் பொடியை மாவு மாதிரி அரைக்க முடியும். அதை அழுத்தி வளையமாக்கி ஆயிரத்து அறுநூறு டிகிரியில் சுட என்னால் முடியும். சுட்ட பிறகு அது இரும்பை விடக் கெட்டி, வைரக்கல் சக்கரத்தால்தான் தேய்க்க முடியும். அந்தச் சக்கரமும் அதை ஓட்டும் கையும் ஏகாம்பரத்திடம் இருந்தன. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிச் சோதனைக்கூடம் வைத்திருந்த ஒரு பம்பு கம்பெனி, செய்து கொடுத்தால் மாட்டிப் பார்க்கிறோம் என்றது. சேது சார் தன் மையத்தில் அனுமதி வாங்கி, எங்களுக்காக மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார். மாதம் ஒரு சனிக்கிழமை தொழிற்பேட்டைச் சங்கத்தின் அறையில் எல்லோரும் உட்காருவோம். நடுவில் ஒரு பெரிய நோட்டு. அவரவர் வேலையில் என்ன நடந்தது என்று அவரவர் கையால் அதில் எழுத வேண்டும். முதல் கூட்டத்தில் சேது சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "நல்லா வந்ததை மறந்துட்டாக்கூடப் பரவாயில்லை. கெட்டுப் போனதை அன்னிக்கே எழுதிடுங்க."

ஏகாம்பரத்தைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம், வீட்டில் எல்லோரும் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். அவர் மட்டும் லேத் பழகப் போய், கடைசியில் சொந்தமாகப் பட்டறை போட்டார். என்னை அக்கா என்பார். உன்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கொலவாய் ஏரி வரைக்கும் போய் வருவார். அவர் பட்டறையில் கோபால் என்று ஒருவர், பத்து வருஷமாகத் தேய்க்கும் மிஷினில் நின்றவர், அதிகம் பேசமாட்டார். இந்த இரண்டு பேருக்கும்தான் நான் துரோகம் செய்தேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உலையில் ஒரு தடவை அடுக்கிச் சுடுவது ஒரு லோடு. பதின்மூன்று லோடு வரைக்கும் சுட்டு, தேய்த்து, உடைத்துப் பார்த்து, மெல்ல மெல்ல வெளிநாட்டு ரிங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். பதினாலாவது லோடு உலையில் இருந்தது ஒரு நவம்பர் மாதம். காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கு, உலை உச்சச் சூட்டுக்கு ஏறிய நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட ஓடினேன், கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான்தான், மாற்றாமல் விட்டவளும் நான்தான். ஒன்றரை மணி நேரம் உலையின் சூடு காட்டும் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும் தெரியுமா? உலையை அணைத்து, ஆறவிட்டு, அந்த லோடை அப்படியே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் மறுபடி சூடேற்றினேன். இழந்த நேரத்துக்கு ஈடு என்று இரண்டு மணி நேரம் கூடுதலாகவே உச்சத்தில் வைத்தேன். மறுநாள் பிரித்தபோது வளையங்கள் பால் மாதிரி இருந்தன. பேனாவால் தட்டினேன், கணீரென்றது. நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நோட்டில் அதை எழுதவில்லை. "பதினாலாவது லோடு, வழக்கம் போல" என்று ஒரு வரி எழுதினேன். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அதற்கு முந்தின கூட்டத்தில் பம்பு கம்பெனியின் மேனேஜர், சுடும் வேலையை மட்டும் வடக்கே ஒரு பெரிய பீங்கான் ஆலைக்குக் கொடுத்தால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டிருந்தார். அது பயம். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். அந்தம்மா உலையில் கோளாறு என்று ஒரு தடவை பேச்சு கிளம்பினால் பிறகு நிற்காது. அது ரோஷம். இரண்டையும் சேர்த்து, அனுபவத்தில் எடுத்த முடிவு என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு லோடிலும் மூன்று வளையத்தைச் சாம்பிளாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைப் பம்பு கம்பெனியின் ஸ்டோருக்கு அனுப்புவது வழக்கம். அப்படியே அனுப்பினேன். அதிலிருந்து சில வளையங்கள் தேய்ப்பதற்காக ஏகாம்பரத்திடம் போயின.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில், அவர் தேய்த்துக் கொடுத்த ரிங் சோதனைப் பம்பில் ஓடும்போது வெடித்தது. யாருக்கும் அடிபடவில்லை, பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் பம்பின் உள்பக்கம் நாசம். துண்டுகள் தண்ணீரோடு சாக்கடையில் அடித்துக்கொண்டு போய், கையில் சிக்கியது நகத்தளவு ஒரு சில்லுதான். அதில் தேய்த்த பக்கம் மட்டும் இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் சேது சார். அதே லோடில் நான் எடுத்து வைத்திருக்கும் மூன்று சாம்பிளையும் கொடுங்கள், அது நன்றாக இருந்தால் சுட்டது சரி, தேய்த்ததில்தான் கோளாறு, அது கெட்டிருந்தால் கோளாறு சுட்டதில் என்று சொல்லிவிட்டு, அவருக்கே உரிய மெதுவான குரலில், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

கதிர், இந்த இடத்தை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். பதின்மூன்றாவது லோடின் மூன்று வளையம் ஒரு டப்பாவில், பதினாலாவதின் மூன்று இன்னொரு டப்பாவில். உள்பக்கம் பென்சிலால் லோடு நம்பர் எழுதி வைப்போம். பதின்மூன்று என்று இருந்ததை ரப்பரால் அழித்தேன். பதினான்கு என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. சேது சார் வந்தார், மோர் குடித்தார், வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், இது உன் தொழில், நீயே யோசித்துக்கொள் என்றார். திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்று பிற்பாடு அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அதுவும் நியாயமில்லை.

நல்ல வளையத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நல்லதாகத்தானே தெரியும். அடுத்த கூட்டத்தில் சேது சார் ரிசல்ட்டைப் படித்தார். சுட்டதில் குறையில்லை. மேனேஜர் ஏகாம்பரத்தைப் பார்த்து, மிஷினில் தண்ணீர் சரியாக விழுந்திருக்காது, சக்கரம் சூடேறி விரிசல் விட்டிருக்கும் என்றார். ஏகாம்பரம் எழுந்து நின்றார். ஸ்கூலில் கேள்வி கேட்டால் நிற்பது மாதிரி நின்றார்.

"சார், என் வேலைல தப்பு இருந்தா நானே சொல்லிடுவேன். இதுல இல்ல சார்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. எங்க பட்டறை வேலை இன்னா மாதிரின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

நான் சொன்னது இது: "எதுக்கும் ஒரு தடவை மிஷினைச் செக் பண்ணிடுங்க ஏகாம்பரம். எல்லாருக்கும் நல்லது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட இவ்வளவு பாவமில்லை. அவர் என்னை நம்பினார். மிஷினை நட்டு நட்டாகக் கழற்றிப் பார்த்தார். பத்து நாள் பட்டறையில் வேறு வேலையே ஓடவில்லை. பம்பு கம்பெனி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மற்ற வேலைகளையும் நிறுத்தியது. தொழிற்பேட்டை சின்ன இடம், டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பினால் மத்தியானத்துக்குள் எல்லா ஷெட்டுக்கும் போய்விடும். ஏகாம்பரம் சக்கரத்தில் வைத்தால் விரிசல் விடும் என்று ஆனது. மாசி மாதத்தில் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் போகும் குழாயில் ஒரு இடத்தில் கொஞ்சம் உப்பு அடைத்திருந்ததாம், அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்.

"தப்பு நம்ம பக்கம்தான் போல கீது அக்கா. கோபாலு கவனிக்காம வுட்டுட்டான். கேட்டா இல்லன்றான். எனக்கு பேஜாராப் போச்சு, நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிட்டேன்."

செய்யாத தப்பை ஒரு மனிதர் தானே தேடிக் கண்டுபிடித்து ஒப்புக்கொள்கிறார், எதிரில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இனிமேல் சொன்னால் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மாற்றி எழுதியதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது, அதனால் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமானது. காபி ஆறிவிட்டது, வேறு கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

பங்குனி மாதம் ஒரு காலை, எட்டரை மணி இருக்கும். நீ பரீட்சைக்குப் போய்விட்டாய். பம்பு கம்பெனி மேனேஜர் போன் செய்தார், நல்ல சமாச்சாரம் சொல்வதற்காக. ஸ்டோரில் பதினாலாவது லோடு வளையங்கள் தேய்க்காமல் இருந்ததாம். டெஸ்டில் அருமையாக வந்த லோடாயிற்றே, வீணாக்குவானேன் என்று சென்னையில் வேறு ஒரு பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்கி, புதுப் பம்பில் மாட்டியாகிவிட்டது. பதினோரு மணிக்கு முழு அழுத்தத்தில் ஓட்டப் போகிறார்கள். சென்னையிலிருந்து சிலர் பார்க்க வருகிறார்கள், நானும் வர வேண்டும் என்றார். வரேன் சார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. போன தடவை பக்கத்தில் யாரும் இல்லை. இந்தத் தடவை சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அழுத்தமும் அதிகம். அந்த வளையம் நல்லது என்று அத்தாட்சி கொடுத்து அங்கே அனுப்பியது என் பென்சில் எழுத்து. திரும்பப் போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. நாலு தடவை போட்டேன். சேது சார் மையத்துக்குப் போட்டேன், அவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஓர் இடத்தில் காய்கறி மூட்டை ஏற்ற வெகு நேரம் ஆனது. கண்டக்டரிடம், சீக்கிரம் போகச் சொல்லுங்கள், உயிர் போகிற விஷயம் என்றேன். ஆஸ்பத்திரியா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன், அந்தப் பஸ்ஸிலும் ஒரு பொய். சதுரங்கப்பட்டினம் கூட்டு ரோட்டில் இறங்கும்போது பதினொன்றேகால்.

சோதனைக்கூடத்தின் கம்பி வேலிக்கு வெளியே ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வேறொருவர் தேய்த்த ரிங் தாங்குகிறதா என்று தன் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார். தாங்கிவிட்டால், தப்பு தன்னுடையதுதான் என்று முடிவாகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். வாங்க அக்கா என்றார். நான் நிற்காமல் உள்ளே போனேன், அவரும் பின்னாலேயே வந்தார். பம்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். அழுத்தத்தைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியிருந்தது. மேனேஜரிடம் போய், நிறுத்துங்கள் என்றேன். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல, இன்னும் பத்து நிமிஷம்தான் மேடம், உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார்.

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். "அந்த ரிங் என் உலையில கெட்டது. டெஸ்டுக்கு நான் கொடுத்தது வேற லோடு. நம்பரை மாத்தி எழுதினேன். நிறுத்துங்க."

மேனேஜர் அசையவே இல்லை. ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர்தான், யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பம்பு முனகிக்கொண்டே நின்றது. அப்புறம் கடல் சத்தம் மட்டும். சேது சார் என்னைப் பார்க்காமல் ரிங்கை வெளியே எடுக்கச் சொன்னார். கழற்றவே அரை மணி நேரம் ஆனது. எடுத்து, விரிசல் இருந்தால் தெரியட்டும் என்று சாயம் தடவித் துடைத்தார்கள். உள்விளிம்பிலிருந்து கிளம்பிய மயிரிழை விரிசல் ஒன்று வெளிவிளிம்பை ஏறக்குறையத் தொட்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் தாங்கியிருக்காது.

ஏகாம்பரம் அந்த வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எந்த லோடு அக்கா?" என்றார். பதினாலு என்றேன். "அன்னிக்கு உங்க வூட்டுக்கு வந்தேனே. அப்பவே தெரியுமா?" தெரியும் என்றேன். அவர் கத்தவில்லை. வளையத்தை மேஜை மேல் மெதுவாக வைத்தார். "கோபாலை அனுப்பிட்டேனே" என்றார். அவ்வளவுதான். வேலியைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்து போனார். பன்னிரண்டு வருஷமாக அவர் நம் வீட்டு வாசலை மிதிக்காததற்கு இதுதான் காரணம்.

அடுத்த சனிக்கிழமை பொது நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். கரண்ட் போன நேரம், முள் எவ்வளவு இறங்கியது, மறுபடி எவ்வளவு நேரம் சூடேற்றினேன், பேட்டரி, ரப்பர், பென்சில் எல்லாம். மீரான் பாய், இந்தம்மா இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் விலகிக்கொள்வதாகச் சொன்னேன். ஏகாம்பரம் அன்று வரவில்லை, சேது சாரிடம் இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்: சுடுவதற்கு இந்த ஊரில் வேறு உலை எங்கே இருக்கிறது, வேலை நிற்கக் கூடாது, ஆனால் அவங்க கூட உட்கார்ந்து டீ குடிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. சேது சார் அதை அப்படியே, வார்த்தை மாறாமல் சொன்னார். அதைக் கேட்டு மீரான் பாய் மனம் மாறினார், நானும் இருந்தேன். இனி எல்லாருடைய சாம்பிளும் இன்னொருவரின் அலமாரியில்தான் இருக்கும் என்று அன்றைக்கு விதி செய்தார்கள். என் சாம்பிள் ஏகாம்பரத்திடம் போனது. நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ உன் வேலைக்காகக் கவனமாகப் படிக்க வேண்டும். கெட்டுப்போன அந்த லோடை சேது சார் வெட்டி வெட்டிப் பார்த்தார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற விவரம் இப்போது நோட்டில் இருந்ததால், உள்ளே என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடிந்தது. அதிக நேரம் சூட்டில் இருந்ததில் பொடியின் நுண்மணிகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெரிதாகிவிட்டன. பெரிய மணிகளுக்கு நடுவில் வளையம் பலமிழந்துவிட்டது. பொடியிலேயே மெக்னீசியா என்ற இன்னொரு பொடியை ஒரு சிட்டிகை கலந்தால் மணிகள் வளராது, நம் விஷயத்தில் எவ்வளவு என்று பார்ப்போம் என்றார். மீரான் பாய் முணுமுணுத்துக்கொண்டே ஆறு விதமாகக் கலந்து கொடுத்தார். நான் வேண்டுமென்றே பாதியில் உலையை அணைத்து, மறுபடி ஏற்றி, கரண்ட் போன அந்த மத்தியானத்தையே திரும்பத் திரும்ப நடத்தினேன். ஏகாம்பரம் தேய்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் எல்லாம் சீட்டு எழுதித்தான் பேச்சு. இருபத்தி இரண்டாவது லோடில் கிடைத்த வளையம், நடுவில் சூடு இறங்கி ஏறினாலும் பலம் குறையாத வளையம். கரண்ட் போகாத ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்காது, அதனால் வெளிநாட்டு ரிங்கில் அது இல்லை. நம் ஊருக்கு வேண்டியது அதுதான். இன்றைக்கு இந்தக் கடற்கரையில் ஓடும் பல பம்புகளில் அந்த வளையம்தான் இருக்கிறது. என் நல்ல லோடுகள் பதின்மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அது கிடைத்திருக்காது. கெட்ட ஒன்றிலிருந்துதான் கிடைத்தது. நான் நவம்பரிலேயே எழுதியிருந்தால் யாருக்கும் ஒரு காயமும் இல்லாமல் கிடைத்திருக்கும்.

கோபால் திரும்பி வரவில்லை. ஏகாம்பரம் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். கேளம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவரை நானும் தேடிப் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பரவால்ல மேடம். ஆனா பத்து வருஷம் கூட நின்னவரு, ஒரு வார்த்தை நம்பலியே. அங்க திரும்பப் போயி நிக்க முடியாது" என்றார். என் பொய் உடைத்தது பம்பை மட்டுமில்லை, அந்த இரண்டு பேருக்கு நடுவில் இருந்ததையும்தான். அதைச் சரிசெய்ய எந்த ஆய்வுக்கூடத்திலும் வழியில்லை.

அதனால் உன் விதிகளில் அந்த வரியை அடித்துவிடு. கெட்டுப்போனதைக் கொடுப்பதற்காகத்தான் நாலு பேர் சேர வேண்டும். நல்லா வந்ததைக் காட்ட விளம்பரமே போதும். கெட்டதை எழுதுகிறவனை யாரும் அதற்காக விலக்க முடியாது என்று ஒரு விதி போடு. எங்களிடம் அது இல்லை. இருந்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன் என்று சொல்லவில்லை, பயத்துக்குச் சாக்குக் குறைந்திருக்கும். இன்னொன்று. ஏதாவது உடைந்தால் பழி உடனே யார் மேல் போகிறது என்று பார். பெரும்பாலும் அந்த அறையில் இங்கிலீஷ் பேசத் தெரியாதவர் மேல்தான் போகும். எங்கள் அறையில் அப்படித்தான் போனது. அந்த ஆள் எழுந்து நின்று உன்னைப் பார்த்தால், என்னை மாதிரி எல்லாருக்கும் நல்லது என்று சொல்லாதே.

தொழிற்பேட்டைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள், அந்த ரிங் உருவான கதையை எழுதச் சொல்லி. இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. உனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால் அது பாதி ஒப்புதல்தான். ஆனால் அவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? நேற்றுச் சாயந்திரம் எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல் படித்தார். உங்கள் பெயரை மாற்றிவிடட்டுமா, இல்லை ஒரு நண்பர் என்று மட்டும் போடட்டுமா என்று கேட்டேன்.

தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். "உங்க பேரு வேணாம்னா வுட்டுடுங்க. என் பேரை அப்படியே போடுங்க. அந்த வருஷம் ஊரே பேசினது அந்தப் பேரைத்தான்" என்றார்.

போட்டிருக்கிறேன்.

அம்மா